எடை குறைந்த பழைய டர்போ காருக்கு இன்டர்கூலர்: எங்கே வைப்பது, எதை முதலில் அளப்பது?

நாலுசக்கரம்:

வணக்கம் நண்பர்களே. என்னிடம் இருப்பது போர்ஷே 924 டர்போ, முதல் வரிசை. 2 லிட்டர், நாலு சிலிண்டர், கம்ப்ரெஷன் (சிலிண்டரில் கலவை அழுத்தப்படும் விகிதம்) 7.5, பாஷ் கே-ஜெட்ரானிக் இன்ஜெக்‌ஷன், 170 ஹெச்பி. எடை 1,180 கிலோதான் என்பதால் இன்றைக்கும் ஓட்ட சுகமான, சுறுசுறுப்பான கார். இன்ஜினைப் பிரித்து ரிங், பேரிங், ஹெட் கேஸ்கட் எல்லாம் புதிதாகப் போட்டாகிவிட்டது. டர்போவும் சர்வீஸ் ஆகி வந்திருக்கிறது.

பிரச்சினை இதுதான். வண்டி குளிர்ச்சியாக இருக்கும்போது நன்றாக இழுக்கிறது. நீண்ட ஏற்றத்தில் தொடர்ந்து பூஸ்டில் (டர்போ கூடுதலாகத் தரும் காற்றழுத்தத்தில்) ஓட்டினால் கொஞ்ச நேரத்திலேயே இழுவை தளர்ந்துவிடுகிறது. பூஸ்ட் கேஜ் அதே 0.7 பாரைத்தான் காட்டுகிறது, தண்ணீர் சூடும் சரியாக இருக்கிறது. டர்போவிலிருந்து த்ராட்டிலுக்கு (இன்ஜினுக்குள் போகும் காற்றைத் திறந்து மூடும் வால்வுக்கு) போகும் குழாயில் மட்டும் கை வைக்க முடியவில்லை. கம்பெனியிலிருந்து இந்தக் காருக்கு இன்டர்கூலர் (டர்போ அழுத்திய சூடான காற்றை இன்ஜினுக்குள் போகும் முன் குளிர்விப்பது) வரவில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

ஒன்று பொருத்தலாம் என்று நினைக்கிறேன். 250 ஹெச்பி எடுக்கும் ஆசையெல்லாம் இல்லை. இருக்கிற சக்தி கடைசிவரை நிற்க வேண்டும், இன்ஜின் பத்திரமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். மூக்கில் வைப்பதா, இன்ஜின் மேல் வைப்பதா, தண்ணீர் மூலம் குளிர்விக்கும் வகைக்குப் போவதா? ஒவ்வொன்றையும் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

கேஜ்பிரியன்:

உங்கள் சந்தேகம் சரி, கணக்கும் அதையே சொல்கிறது. சைக்கிள் பம்ப் அடிக்கும்போது அதன் அடிப்பக்கம் சுடுகிறதே, டர்போவுக்குள்ளும் அதுதான் நடக்கிறது. வெளிக்காற்று 30 டிகிரி, பூஸ்ட் 0.7 பார், கம்ப்ரஸர் திறன் 65 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் டர்போவை விட்டு வெளியே வரும் காற்று சுமார் 106 டிகிரி. திறன் 55 சதவீதத்துக்கு இறங்கினால் 120 டிகிரி. ஏர் ஃபில்டர் பானட்டுக்குள்ளிருந்தே 50 டிகிரி காற்றை உறிஞ்சினால், 65 சதவீதத் திறனிலும் 130 டிகிரியைத் தாண்டும். ஏற்றத்தில் மெதுவாக, முழு ஆக்சிலரேட்டரில் ஏறும்போது உங்கள் காரில் இந்தக் கடைசி நிலைதான் இருக்கும் என்பது என் ஊகம்.

பூஸ்ட் கேஜ் காட்டுவது அழுத்தத்தை மட்டும்தான். எரிவதற்குத் தேவையானது காற்றின் எடை. அழுத்தம் அப்படியே இருந்து சூடு ஏறினால் சிலிண்டருக்குள் போகும் காற்று குறைந்துவிடும், கேஜ் அதைச் சொல்லாது.

இன்டர்கூலர் வைத்தால் என்ன கிடைக்கும்? 65 சதவீத அளவுக்கு வேலை செய்யும் ஒரு நல்ல கோர் (இன்டர்கூலரின் குளிர்விக்கும் பகுதி), 106 டிகிரியை 57 டிகிரிக்கு இறக்கும். சூடு குறைந்ததால் மட்டும் காற்றின் அடர்த்தி 15 சதவீதம் கூடுகிறது. ஆனால் கோரும் குழாய் வளைவுகளும் கொஞ்சம் அழுத்தத்தைத் தின்றுவிடும். 0.08 பார் போகிறது என்றால் மிஞ்சுவது 10 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதாவது 170 ஹெச்பி இன்ஜினில் சுமார் 15 ஹெச்பி. காகிதத்தில் பெரிய எண் கிடையாது. ஆனால் 50 டிகிரி குறைந்த காற்று நாக்கிங்கை (சிலிண்டருக்குள் கலவை கட்டுமீறித் தானாக வெடித்துத் தட்டுவதை) தள்ளிவைக்கிறதே, அதுதான் உண்மையான லாபம். உங்கள் இன்ஜினில் நாக் சென்சர் கிடையாது. தட்ட ஆரம்பித்தால் டைமிங்கை (தீப்பொறி விழும் நேரத்தை) தானாகக் குறைக்க அங்கே எதுவும் இல்லை, பிஸ்டன்தான் அடி வாங்கும்.

ஆகவே முதல் வேலை அளப்பது. டர்போ வாயில் (காற்று வெளியே வரும் முனையில்) ஒரு டெம்பரேச்சர் சென்சர், த்ராட்டிலுக்கு முன்னால் ஒன்று, எக்ஸாஸ்டில் வைட்பேண்ட் லாம்டா கேஜ் (காற்று-பெட்ரோல் கலவை விகிதத்தைக் காட்டுவது). இன்டர்கூலர் வாங்குவதற்கு முன்பே இதைப் பொருத்தி, இப்போதைய நிலையைக் குறித்து வையுங்கள். அப்புறம்தான் மாற்றத்தைப் பற்றிப் பேச முடியும்.

அசல்விரும்பி:

எனக்கு இதில் ஒரு தயக்கம் உண்டு, சொல்லிவிடுகிறேன். இந்தக் கார்கள் குறைந்துகொண்டே வருகின்றன. மூக்கில் கட்டர் வைத்து அறுத்த கார், பானட்டில் ஓட்டை போட்ட கார் என்று நிறையப் பார்த்துவிட்டேன். பின்னால் வருகிறவர் திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாத எந்த வேலையும் வேண்டாம்.

மற்றபடி இன்டர்கூலர் என்ற யோசனை இந்தக் குடும்பத்துக்கு அந்நியமானதல்ல. 1975-இல் வந்த 911 டர்போ, 3 லிட்டர், இன்டர்கூலர் இல்லாமல் 260 ஹெச்பி. 1978-இல் அதே கார் 3.3 லிட்டர் ஆகி, பின் இறக்கைக்கு அடியில் இன்டர்கூலரும் வந்ததும் 300 ஹெச்பி. உங்கள் காரிலேயே, பந்தய விதிக்காக 1980-இல் சுமார் 400 மட்டும் கட்டிய 924 கரேரா ஜிடியில் இன்ஜின் தலைமேல் இன்டர்கூலர் இருந்தது, அதற்குக் காற்று ஊட்ட பானட்டில் ஸ்கூப் இருந்தது. கம்ப்ரெஷன் 8.5, பூஸ்ட் 0.75 பார், 210 ஹெச்பி. வடிவமைத்தவர்களே போன பாதைதான் இது. அதனால் இன்டர்கூலரை நான் எதிர்க்கவில்லை, அறுப்பதைத்தான் எதிர்க்கிறேன்.

1973-இன் பிஎம்டபிள்யூ 2002 டர்போவையும் நினைத்துப் பாருங்கள். இன்டர்கூலர் இல்லை. சூடான காற்றைத் தாங்குவதற்காகக் கம்ப்ரெஷனை 6.9 வரை இறக்கியிருந்தார்கள். பூஸ்ட் வராத வேகத்தில் அந்தக் கார் சோம்பலாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். உங்கள் 7.5-உம் அதே வழியில் வந்ததுதான்.

பட்டறைக்காரன்:

மூன்று இடங்களிலும் வேலை செய்திருக்கிறேன், ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

இன்ஜின் மேல் வைப்பது: குழாய் நீளம் மிகக் குறைவு, அழுத்த இழப்பும் குறைவு, எடை முன்னச்சுக்கு முன்னால் போகாது. ஆனால் கீழே கொதிக்கிற இன்ஜின். வண்டி நின்றால் கோர் சூடேறி, இன்டர்கூலரே ஹீட்டர் ஆகிவிடும். திரும்ப ஓட ஆரம்பித்து ஒன்றிரண்டு நிமிடம் நல்ல காற்று அடித்தால்தான் அது பழைய நிலைக்கு வரும். ஸ்கூப் இல்லாமல் இந்த இடம் உதவாது. 924 டர்போ பானட்டில் வலப்பக்கம் இருக்கும் பள்ளமான நாக்கா டக்ட் (காற்று நுழையும் வழி) போதுமா என்று கேட்பார்கள். போதாது, அது இருக்கும் இடமும் தோதானது இல்லை. ஆக, அசல் பானட்டைப் பத்திரமாகக் கழற்றி வைத்துவிட்டு வேறு ஒரு பானட்டில் ஸ்கூப் போட வேண்டியிருக்கும்.

தண்ணீர் மூலம் குளிர்விப்பது: கோர், பம்ப், முன்னால் தனி ரேடியேட்டர், டேங்க், தண்ணீர், குழாய் எல்லாம் சேர்ந்தால் 10 கிலோவைத் தாண்டிவிடும். திடீரென்று வரும் சூட்டை நன்றாக விழுங்கும், டர்போ குழாய்களும் குட்டையாக இருக்கும். ஆனால் நீண்ட ஏற்றத்தில் தண்ணீரும் மெல்ல மெல்லச் சூடாகும். அந்தச் சூடு கடைசியில் முன்னால் இருக்கும் ரேடியேட்டர் வழியாகத்தான் வெளியே போக வேண்டும். பம்ப் நின்றுவிட்டால் ஓட்டுகிறவருக்குத் தெரியவே தெரியாது. இன்ஜின் பின்னால் இருக்கிற கார்களுக்கு இது நல்ல வழி, உங்களுடையதற்கு அவசியம் இல்லை.

மூக்கில், ரேடியேட்டருக்கு முன்னால் வைப்பது: என் வோட்டு இதற்குத்தான். 944 டர்போவிலும் காரின் முன்பக்கத்தில்தான் வைத்தார்கள். கூடுதல் எடை குழாய்களோடு 5, 6 கிலோவுக்குள் முடிந்துவிடும். ஆனால் இங்கே கோரை விட டக்ட்தான் முக்கியம். அதில்தான் பெரும்பாலோர் அவசரப்படுகிறார்கள்.

காற்று எப்போதும் எளிதான வழியைத் தேடும். கோரைச் சுற்றி இரண்டு விரல் இடைவெளி விட்டால் காற்று அந்த இடைவெளி வழியாகப் போய்விடும், ஃபின்களுக்குள் நுழையாது. முன் துவாரத்திலிருந்து கோரின் நாலு ஓரங்கள் வரை அலுமினியத் தகட்டில் பெட்டி மாதிரி டக்ட் கட்டி, ஓரங்களை ஃபோம் ரப்பர் வைத்து அடைக்க வேண்டும். நுழைவாய் கோரின் முகப்பு அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. அதில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு இருந்தாலே போதும், உள்ளே போகப் போக டக்ட் சீராக அகன்றால் சரி. காற்று வேகம் குறைந்து அழுத்தம் ஏறி, கோர் முழுவதிலும் பரவும். உங்கள் காரின் மூக்கில் விளக்குகளுக்கு நடுவே இருக்கும் நாலு துவாரமும் பம்பருக்குக் கீழே உள்ள திறப்பும் சேர்ந்தால் அறுக்காமலே இது முடியும். அசல்விரும்பி அண்ணனுக்கும் நிம்மதி.

கோர் வகையில், குழாயும் மெல்லிய ஃபின்னும் வைத்த இலகுவான வகையை எடுங்கள். பட்டையும் தகடும் அடுக்கிச் செய்த கனமான வகை சூட்டைக் கொஞ்ச நேரம் தாங்கும், உறுதியும் அதிகம். ஆனால் எடை கூடும், பின்னால் ரேடியேட்டருக்குப் போகிற காற்றையும் அதிகமாக மறிக்கும். 170, 190 ஹெச்பிக்கு அது தேவையில்லை. 1,180 கிலோ காரில் மூக்கு நுனியில் ஏற்றும் ஒவ்வொரு கிலோவும் ஸ்டீயரிங்கில் தெரியும்.

கேஜ்பிரியன்:

பட்டறைக்காரன் சொன்ன ரேடியேட்டர் விஷயத்துக்கு ஓர் எண். 170 ஹெச்பி இன்ஜின் முழு வேகத்தில் நொடிக்குச் சுமார் 0.13 கிலோ காற்றை விழுங்கும். அதை 50 டிகிரி குளிர்விக்க 6.5 கிலோவாட் சூட்டை வெளியே தள்ள வேண்டும். கோர் வழியாக நொடிக்கு அரை கிலோ வெளிக்காற்று போனால் அந்தக் காற்று 13 டிகிரி சூடாகி ரேடியேட்டரை அடையும். நல்ல நிலையில் இருக்கும் ரேடியேட்டருக்கு இது தாங்கும். உள்ளே பாதி அடைத்த பழைய ரேடியேட்டருக்குத் தாங்காது. ஆயில் கூலரும் அதே காற்றைத்தான் நம்பியிருக்கிறது, அதை மறந்துவிட வேண்டாம்.

வெள்ளை எஸ்பிரிட்:

நான் வேறு கட்சி, லோட்டஸ் எஸ்பிரிட் டர்போ வைத்திருக்கிறேன். 2.2 லிட்டர், டெலோர்ட்டோ கார்புரேட்டர் இரண்டு, 210 ஹெச்பி, இன்டர்கூலர் கிடையாது. இன்ஜின் நடுவில் இருக்கிற காரில் காற்று வாங்கும் இன்டர்கூலருக்கு இடம் தேடுவது பெரும்பாடு. அதனால்தான் லோட்டஸே 1989-இல் எஸ்இ மாடலில் தண்ணீர் வழிக்குப் போய், இன்ஜெக்‌ஷனையும் சேர்த்து 264 ஹெச்பி எடுத்தது.

கார்புரேட்டர் வைத்திருக்கும் நண்பர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். டர்போ அழுத்திய காற்று கார்புரேட்டர் வழியாகப் போகிற அமைப்பில், இன்டர்கூலர் வைத்ததும் கலவை தானாக லீன் ஆகும், அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இருக்காது. வென்சுரியில் (கார்புரேட்டரின் குறுகிய கழுத்தில்) உறிஞ்சப்படும் பெட்ரோல், காற்றின் அடர்த்தி கூடும் அளவுக்குக் கூடுவதில்லை, அதன் வர்க்கமூலத்துக்குத்தான் கூடும். காற்று 10 சதவீதம் அடர்ந்தால் கலவை சுமார் 5 சதவீதம் லீன். பெட்ரோல் 1-க்குக் காற்று 12 என்று இருந்தது 12.6 ஆகும். முழு பூஸ்டில் அது ஆபத்தான பக்கம். மெயின் ஜெட்டை மாற்றாமல் இன்டர்கூலரைப் பொருத்திவிட்டு "வண்டி பறக்கிறது" என்று சந்தோஷப்பட்டால் பிஸ்டன் விளிம்பு உருகும். பெட்ரோல் பிரஷர் ரெகுலேட்டருக்கு பூஸ்ட் இணைப்பு இருக்கிறதா, முழு பூஸ்டில் பெட்ரோல் அழுத்தம் பூஸ்டை விட எப்போதும் மேலே நிற்கிறதா என்பதையும் பார்த்தே ஆக வேண்டும்.

நாலுசக்கரம்:

எல்லோருக்கும் நன்றி. மூக்கில், அறுக்காமல், இலகுவான கோர் என்று முடிவு செய்துவிட்டேன். ரேடியேட்டரைப் பிரித்துச் சுத்தம் செய்யக் கொடுத்திருக்கிறேன்.

மூன்று சந்தேகம் மிச்சம். ஒன்று, வெள்ளை எஸ்பிரிட் சொன்ன லீன் பிரச்சினை கே-ஜெட்ரானிக்கிலும் வருமா? இரண்டு, இவ்வளவு நீளக் குழாயும் கோரும் சேர்ந்தால் டர்போ லேக் (ஆக்சிலரேட்டரை மிதித்ததும் பூஸ்ட் வர ஆகும் தாமதம்) கூடுமா? இந்தக் காரில் ஏற்கெனவே 3,000 சுற்றுக்குக் கீழே பெரிதாக எதுவும் நடப்பதில்லை. மூன்று, வேஸ்ட்கேட்டுக்கான (பூஸ்ட் எல்லை மீறாமல் எக்ஸாஸ்டைத் திருப்பிவிடும் வால்வுக்கான) பூஸ்ட் குழாயை டர்போ வாயிலிருந்து எடுப்பதா, மேனிஃபோல்டிலிருந்து (த்ராட்டிலுக்கு அப்பால் சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரிக்கும் குழாயிலிருந்து) எடுப்பதா?

கேஜ்பிரியன்:

வரிசையாகச் சொல்கிறேன்.

கே-ஜெட்ரானிக் காற்றை அளப்பது டர்போவுக்கு முன்னால். அங்கே வருவது வெளிக்காற்று. பின்னால் இன்டர்கூலர் இருக்கிறதா இல்லையா என்பது சென்சர் பிளேட்டுக்கு (காற்றோட்டம் தூக்கும் அளவுத் தகட்டுக்கு) தெரியாது. இன்ஜின் 10 சதவீதம் அதிகக் காற்றை இழுத்தால் பிளேட்டும் அந்த அளவு அதிகமாக எழும், பெட்ரோலும் சேர்ந்து கூடும். கார்புரேட்டரில் வரும் அந்தச் சிக்கல் உங்களுக்கு இல்லை. ஆனால் எல்லை உண்டு. பிளேட் முழுவதும் எழுந்து மேல் நிறுத்தத்தைத் தொட்டுவிட்டால் அதற்கப்புறம் காற்று கூடும், பெட்ரோல் கூடாது. பழைய பம்போ அடைத்த ஃபில்டரோ இருந்தால் அந்த எல்லை இன்னும் முன்னாலேயே வரும். அதனால் சிஸ்டம் பிரஷர், கன்ட்ரோல் பிரஷர் இரண்டையும் கேஜ் வைத்துப் பாருங்கள். நாலு இன்ஜெக்டரையும் கழற்றி நாலு அளவு ஜாடியில் விட்டு, பிளேட்டைக் கையால் தூக்கிப் பிடித்து ஒரே அளவு ஊற்றுகிறதா என்றும் பாருங்கள். பெட்ரோல் வெளியே ஊற்றும் வேலை, பேட்டரி இணைப்பு, தீப்பொறி எல்லாவற்றிலும் கவனம் தேவை, திறந்த வெளியில் செய்யுங்கள். நாலில் ஒன்று 10 சதவீதம் குறைவாக ஊற்றினால் லாம்டா கேஜ் சராசரியைத்தான் காட்டும், அந்த ஒரு சிலிண்டர் மட்டும் லீனாக ஓடிக்கொண்டிருக்கும். முழு பூஸ்டில் 11.5-இலிருந்து 12-க்குள் கலவை நின்றால் எனக்குத் திருப்தி.

லேக் பற்றிய பயத்தைக் கணக்கு போட்டுப் பார்த்துவிடலாம். 57 மிமீ விட்டத்தில் 2 மீட்டர் குழாய் என்றால் 5 லிட்டர். கோரும் அதன் இரு முனைத் தொட்டிகளும் சேர்ந்து 3 லிட்டர் என்று வையுங்கள். இந்த 8 லிட்டரை 0.7 பாருக்கு நிரப்ப 5.6 லிட்டர் காற்று கூடுதலாக வேண்டும். 3,000 சுற்றில் உங்கள் இன்ஜினே நொடிக்கு 50 லிட்டர் விழுங்குகிறது. அதே வேகத்தில் நிரப்பினாலும் நொடியில் பத்தில் ஒரு பங்கு. டர்போ சுழன்று எழ ஆகும் நேரத்தோடு ஒப்பிட்டால் இது சிறியது. கூர்மையான வளைவுகள், விட்டம் திடீரென்று மாறும் இடங்கள், நெளிந்த ஹோஸ் இவைதான் உண்மையில் வண்டியை மந்தமாக்கும். குழாயை 75 மிமீ ஆக்கிவிட்டால் நல்லது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 2 லிட்டர் இன்ஜினுக்கு 50 முதல் 57 போதும்.

வேஸ்ட்கேட்: டர்போ வாயிலிருந்து எடுத்தால், அங்கே 0.7 பாரில் வேஸ்ட்கேட் திறக்கும், இன்ஜினுக்கு 0.62 வரும். மேனிஃபோல்டிலிருந்து எடுத்தால் இன்ஜினுக்கு 0.7 வரும், டர்போ 0.78 உழைக்க வேண்டும், அதன் காற்று இன்னும் 7 டிகிரி சூடாகும். முதலில் டர்போ வாயிலிருந்தே எடுத்து ஓட்டிப் பாருங்கள். அதில் ஒரு பாதுகாப்பும் இருக்கிறது. நடுவில் ஹோஸ் கழன்றால் மேனிஃபோல்டில் பூஸ்ட் இருக்காது, அங்கிருந்து சிக்னல் எடுக்கிற வேஸ்ட்கேட் மூடியே கிடக்கும், டர்போ கட்டுமீறிச் சுழலும்.

புதுவரவு:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இவ்வளவு குழாய் வேலைக்குப் பதில் தண்ணீர் ஸ்ப்ரே, அதாவது வாட்டர் இன்ஜெக்‌ஷன் வைத்தால் எடையும் மிச்சம், மூக்கையும் தொட வேண்டாம் அல்லவா?

அசல்விரும்பி:

நல்ல கேள்வி. அது இன்டர்கூலரை விடப் பழைய வழி. 1962-இன் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயரில் கம்ப்ரெஷன் 10.25 வைத்து, தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைக் காற்றில் தெளித்துத்தான் நாக்கிங்கை அடக்கினார்கள். தண்ணீர் ஆவியாகும்போது நிறைய சூட்டை எடுத்துக்கொள்ளும், வேலை செய்யும். ஆனால் டேங்க் காலியானால் பாதுகாப்பும் போய்விடும். ஜெட்ஃபயரில் திரவம் தீர்ந்தால் பூஸ்டைக் குறைக்கத் தனி ஏற்பாடே இருந்தது. நிரப்ப மறந்த உரிமையாளர்கள் பலர் இருந்ததால் அந்தக் கார் கெட்ட பெயர்தான் வாங்கியது. நாலுசக்கரம் கேட்பது கவலையில்லாமல் ஓடும் வண்டி. அதற்கு நிரப்ப வேண்டாத இன்டர்கூலர்தான் ஏற்றது.

பட்டறைக்காரன்:

இப்போது ஹோஸ் விஷயம். பத்து இன்டர்கூலர் வேலையில் எட்டு இங்கேதான் கெடுகிறது, அதனால் நிதானமாக எழுதுகிறேன்.

அலுமினியக் குழாயின் நுனி வழவழவென்று இருந்தால் சிலிக்கான் ஹோஸ் பூஸ்டில் வழுக்கிக் கழன்றுவிடும். ஒவ்வொரு நுனியிலும் சுற்றிலும் மேடாக ஒரு விளிம்பு எழுப்ப வேண்டும், உருட்டியோ வெல்டிங் வைத்தோ செய்யலாம். கிளாம்ப் அந்த விளிம்புக்கு உள்பக்கம் உட்கார வேண்டும். பல் வைத்த சாதாரணப் பட்டைக் கிளாம்ப் சிலிக்கானை அறுக்கும், போல்ட் போட்டு இறுக்கும் அகலப் பட்டை வாங்குங்கள். பொருத்தும்போது நுனியில் எண்ணெய் தடவாதீர்கள், கொஞ்சம் சோப்புத் தண்ணீர் போதும், அது காய்ந்துவிடும்.

இன்ஜின் ரப்பர் மவுன்டில் ஆடும், கோர் பாடியோடு அசையாமல் நிற்கும். இரண்டுக்கும் நடுவில் ஓரிடத்திலாவது கொஞ்சம் நீளமான, வளைந்து கொடுக்கும் ஹோஸ் இருக்க வேண்டும். எல்லாவற்றையும் விறைப்பாகக் கட்டினால் கோரின் தொட்டியில் வெல்டிங் ஓரமாக விரிசல் விழும். கோரையும் ரப்பர் புஷ் வைத்தே தொங்கவிடுங்கள். கீழ்க்குழாய் எக்ஸாஸ்டுக்குப் பக்கத்தில் போகிற இடத்தில் தகடு ஒன்றை நடுவில் நிறுத்துங்கள். குளிர்ந்த காற்று திரும்பி வரும் குழாய் ரேடியேட்டரை உரசிக்கொண்டு வந்தால் 50 டிகிரி குளிர்வித்ததில் கொஞ்சத்தை வழியிலேயே இழப்பீர்கள்.

கே-ஜெட்ரானிக் காருக்கு இன்னொன்று. ஆக்சிலரேட்டரை விட்டதும் திறக்கும் பைபாஸ் வால்வு வைத்தால் அந்தக் காற்று சென்சர் பிளேட்டுக்கும் டர்போவுக்கும் நடுவில்தான் திரும்பிச் சேர வேண்டும். வெளியே "புஸ்" என்று விடுகிற வகை உங்களுக்கு ஆகாது. அளந்த காற்று வெளியே போய்விடும், அதற்கான பெட்ரோல் மட்டும் இன்ஜினுக்கு வரும், ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் வண்டி திணறும்.

கடைசியாக, வண்டியை வெளியே எடுக்கும் முன் கசிவுச் சோதனை. டர்போ வாயை ஒரு மூடியால் அடைத்து, அதில் டயர் வால்வு ஒன்றைப் பொருத்தி, 0.5 பார் காற்று ஏற்றுங்கள். ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள்.

நாலுசக்கரம்:

வேலை முடிந்தது. கோர் ரேடியேட்டருக்கு முன்னால், அசல் போல்ட் துளைகளிலேயே பிராக்கெட் மாட்டி நிற்கிறது. பாடியில் ஒரு புதுத் துளைகூட இல்லை. டக்ட் அட்டையில் வெட்டிப் பார்த்து, அப்புறம் தகட்டில் செய்தோம். ஆயில் கூலருக்கு டக்டின் கீழ்ப்பக்கம் தனியாக ஒரு வழி விட்டிருக்கிறேன். வேஸ்ட்கேட் சிக்னல் டர்போ வாயிலிருந்து.

அதே ஏற்றம், ஏறத்தாழ அதே வெயில். முன்பு த்ராட்டிலுக்கு முன்னால் 112 டிகிரி வரை போனது. இப்போது டர்போ வாயில் 109, த்ராட்டிலுக்கு முன்னால் 61. மேலே போய்ச் சேரும்வரை 61-ஐத் தாண்டவில்லை. மேனிஃபோல்டில் 0.63 பார் வருகிறது, முன்பைவிடக் குறைவு. இருந்தும் முன்பு மூன்றாம் கியருக்கு இறங்க வேண்டியிருந்த வளைவை நான்காம் கியரிலேயே எடுக்கிறது. முழு பூஸ்டில் லாம்டா கேஜ் 11.8. தண்ணீர் சூடு 3 டிகிரி கூடியிருக்கிறது, ரேடியேட்டர் ஃபேன் கொஞ்சம் அடிக்கடி ஓடுகிறது.

ஒரே ஒரு குறை. ஐடிலில் சுற்று ஏறி இறங்கி ஆடுகிறது, கேஜ் லீன் காட்டுகிறது. பூஸ்டில் எல்லாம் சரி.

புதுவரவு:

அருமையான பலன்! இவ்வளவு குளிர்ந்த காற்று கிடைத்துவிட்டதே, பூஸ்டை 0.9-க்கு ஏற்றலாமே?

கேஜ்பிரியன்:

இப்போது வேண்டாம். இன்டர்கூலர் சம்பாதித்துக் கொடுத்த பாதுகாப்பை அதே வாரத்தில் செலவு செய்யாதீர்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். 0.9-க்குப் போனால் காற்று இன்னும் கூடும், சென்சர் பிளேட் எல்லையை நெருங்கும், இக்னிஷன் டைமிங்கையும் மறுபடி பார்க்க வேண்டும். நாக் சென்சர் இல்லாத இன்ஜினில் அதைக் காதால் கேட்டுச் செய்ய முடியாது. அவர் கேட்டது நீடித்து நிற்கிற இழுவை, அது வந்துவிட்டது.

ஐடில் ஆட்டத்துக்கு: மூடிய த்ராட்டிலுக்கு அப்பால் வெற்றிடம் இருக்கிறது. அங்கே சிறு கசிவு இருந்தால் அளக்காத காற்று உள்ளே நுழைந்து கலவையை லீன் ஆக்கும். அந்தப் பகுதியில் புதிதாகத் தொட்டது என்ன என்று பாருங்கள். பூஸ்ட் கேஜுக்குப் போகும் சின்ன ரப்பர் குழாய், பைபாஸ் வால்வின் சிக்னல் குழாய், த்ராட்டிலின் ஓரம்.

நாலுசக்கரம்:

சிக்னல் குழாய்தான். பைபாஸ் வால்வுக்கு மேனிஃபோல்டிலிருந்து போகும் 4 மிமீ ரப்பர் குழாய், முனையில் மாட்டும் இடத்தில் நூலளவு வெடித்திருந்தது. இன்ஜின் ஓடும்போது விரலால் அதை மூடினால் ஐடில் உடனே 900-க்கு வந்து நின்றது, எடுத்தால் மறுபடி ஆட்டம். பழைய முனையில் துரு ஏறியிருந்ததால் அதைத் தேய்த்துச் சுத்தம் செய்து, துணி பின்னிய புதுக் குழாயைச் சின்னக் கிளாம்ப்புடன் போட்டேன். கேஜும் லீன் பக்கம் போகவில்லை.

பட்டறைக்காரன் அண்ணா, கோருக்குள் எண்ணெய் படிகிறதா என்று எப்போது பார்க்க வேண்டும்? கீழ்த்தொட்டியில் லேசாக ஒரு படலம் தெரிகிறது.

பட்டறைக்காரன்:

படலம் மட்டும் என்றால் பயப்பட வேண்டாம், இன்ஜின் பிரீதர் (இன்ஜினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்றும் குழாய்) ஆவியிலிருந்து அந்த அளவு எப்போதும் வரும். ஆயில் மாற்றும்போதெல்லாம் கீழ் ஹோஸைக் கழற்றிப் பாருங்கள். தேக்கரண்டி அளவு தேங்கினால் முதலில் பிரீதர் குழாயைப் பாருங்கள், அப்புறம் டர்போ சீலையும் ஆயில் திரும்பும் குழாயையும் பாருங்கள். காற்றோடு எண்ணெய் போனால் பெட்ரோலின் ஆக்டேன் இறங்கும், நாக்கிங் சீக்கிரம் வரும். கோரை மண்ணெண்ணெய் விட்டு அலசி, தலைகீழாக ஒரு ராத்திரி வைத்து, ஒரு சொட்டுகூட மிச்சமில்லாமல் காற்றடித்துக் காயவைத்த பிறகே மாட்டுங்கள்.